நான் திருத்திக் கொடுத்த வீட்டுக்காரி

அந்தக் கவிதை என்னைப் பற்றியது. அது தெரியாமல் நானே அதைத் திரும்பத் திரும்பத் திருத்திக் கொடுத்தேன். "வீட்டுக்காரியை இன்னும் கிட்டக் கொண்டுவாருங்கள், அவள் முகம் எனக்குத் தெரியவில்லை" என்று எழுதிக் கேட்டவளும் நான்தான். எழுதினவள் கேட்டபடியே அவளைக் கிட்டக் கொண்டுவந்து நிறுத்தினாள். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

போர் முடிந்து, சனம் முகாம்களிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் திரும்பி வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. மன்னாரில் எல்லார் கையிலும் போன் வந்தது. போன் வந்த கையோடு எல்லாரும் கவிஞராகிவிட்டார்கள், நானும்தான். பட்டினத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தேன். பகல் முழுக்க மற்றவர்களின் வசனங்களையே அடித்துக் கொட்டுகிறவளுக்குத் தனக்கென்று நாலு வரி எழுத ஆசை வராதா? முகநூலில் கவிதை எழுதுகிறவர்களின் குழு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் குழுவை நடத்தியவர் அரிப்பு என்ற ஊரில் ஓய்விலிருந்த ஒரு தபால் அதிபர். தபால் கந்தோர் ஒழுங்கு அவரை விட்டுப் போகவில்லை. கவிதையை அவருக்குத் தனியாக அனுப்பவேண்டும், அவர் அதைப் பெயரில்லாமல் குழுவில் போடுவார். வாசிக்கிறவர்கள் முதலில் ஒரு குறை சொல்லவேண்டும், பாராட்டெல்லாம் அதற்குப் பிறகுதான். எழுதியவருக்கு ஏதாவது பதில் சொல்ல இருந்தால் அதையும் அவரிடமே கொடுக்க, "கவிஞர் சொல்கிறார்" என்று தலைப்பிட்டு அவர் ஒட்டுவார். திருத்தித் திருத்தி, இனிச் சொல்லக் குறை ஒன்றும் இல்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் எழுதியவரின் பெயரைப் போடுவார். பெயர் போட்டாயிற்று என்றால் அந்தக் கவிதை பாஸ் என்று அர்த்தம். பெயர் போடப்படாமலே செத்துப்போன கவிதைகள் அங்கே ஏராளம். அதில் என்னுடையதும் சில உண்டு.

முதலில் என் சொந்தப் பெயரில்தான் கருத்து எழுதினேன். ஒரு குறை சொன்னால் போதும், நாலு பேர் வந்து "தங்கச்சிக்கு என்ன கோபம்" என்று ரோசாப்பூப் படம் போடுவார்கள். குறையை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. ஓர் ஆணின் பெயரை வைத்து, முகத்துக்குப் பதில் ஒரு மூக்குக்கண்ணாடியின் படத்தைப் போட்டு, மறுபடி சேர்ந்தேன். அதே குறையை அதே சொற்களில் எழுதினேன். "ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு சரி" என்றார்கள். பிறகென்ன, ஐயா ஆடினார். உவமைகளைக் கிழித்துத் தொங்கப்போட்டார். கண்ணீர், நிலவு, முள், சிறகு எல்லாவற்றுக்கும் தடை போட்டார். ஐயா கருத்துச் சொல்லாத கவிதை எழுதியும் வீண் என்று குழுவில் ஒரு பேச்சே வந்துவிட்டது. தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்.

இனி என் மச்சாள், தம்பியின் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். என் தம்பி மீசை அரும்புகிற வயதிலே படகேறி இராமேஸ்வரம் போனவன். நானும் அம்மாவும் மன்னார்த் தீவிலேயே இருந்துவிட்டோம். அம்மா போன பிறகு அந்த வீட்டில் நான் தனி. எனக்குக் கலியாணம் சரிவரவில்லை, அதைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை. தம்பி அங்கே அகதி முகாமிலேயே ஒரு பெண்ணைக் கட்டினான். அடம்பன் பக்கத்துச் சைவக் குடும்பம், சின்னப் பிள்ளையில் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே வளர்ந்தவள். நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். அம்மா இருந்திருந்தால் ஒரு பாட்டம் அழுதிருப்பா. நான் அழவில்லை. சண்டை முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது அடம்பனில் அவளுடைய காணி பற்றை பிடித்துக் கிடந்தது. வீட்டுத்திட்டத்தில் பெயர் வர நாள் எடுக்கும். தம்பி அரிப்பில் ஒரு சம்மாட்டியின் வள்ளத்தில் தொழிலுக்குப் போனான், சனிக்கிழமைகளில்தான் வருவான். மச்சாளும் இரண்டு பிள்ளைகளும் ஒரு மாரியும் ஒரு கோடையும் என்னோடு இருந்தார்கள்.

நீ செய்த நல்ல காரியம் என்ன என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்ல என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். கடிந்து ஒரு பேச்சுப் பேசவில்லை. சமையலில் கை வைக்காதே என்று சொல்லவில்லை. இது உம்முடைய வீடு என்று வந்த அன்றைக்கே சொன்னேன். அவளுடைய பிள்ளையார் படத்துக்கு நானே சுத்தியலைத் தூக்கிக்கொண்டு போய் ஆணி அடித்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் யேசுவின் திருஇருதயப் படத்தைத் தவிர வேறொன்றும் தொங்கினதில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ர மனசுக்கு ஆண்டவர் ஒரு குறையும் விடமாட்டார்" என்பார்கள். எனக்கு அது தேனாக இனித்தது.

மச்சாள் அதிகம் கதைக்கமாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், சிரிப்பாள். வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்து, சுவர் எழும்பி, கூரை போட்ட கையோடு புறப்பட்டுவிட்டாள்.

"கதவு இன்னும் போடேல்லை, அதுக்குள்ள என்ன அவசரம்? பிள்ளையளோட எப்பிடி இருப்பீர்?" என்று கேட்டேன்.

"பழகிடும் மச்சாள்," என்றாள்.

சொந்த வீட்டு ஆசை யாரை விட்டது என்று நினைத்துக்கொண்டு ஒரு மூட்டை அரிசியும் கொடுத்து அனுப்பினேன்.

அவர்கள் போய் இரண்டு மழைக்காலம் கடந்திருக்கும். தபால் அதிபர் குழுவில் ஒரு கவிதையைப் போட்டார். "விருந்து" என்று தலைப்பு. முகாமிலிருந்து திரும்பிய ஒருத்தி, சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கி இருக்கிறாள். அந்த வீட்டுக்காரி ஒரு கல்நெஞ்சுக்காரி. சொல்லால் சுடுகிறாள், சோற்றைக் கணக்குப் பார்க்கிறாள். கடைசியில் "அகதியின் கண்ணீருக்கு முகவரி இல்லை" என்று முடிந்தது. எழுதியவர் யாரென்று வழக்கம்போலத் தெரியாது.

ஐயா களத்தில் இறங்கினார். நான் எழுதியதை இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் சொல்வேன். "கண்ணீரின் முகவரியை இந்தக் குழுவில் இதற்கு முதலும் பலர் தேடி அலுத்துவிட்டார்கள். அதை விடுங்கள். உங்கள் வீட்டுக்காரி மேடை நாடகத்தில் வரும் மாமியார் மாதிரி இருக்கிறாள். அவளைக் கெட்டவளாக்கினால் கவிதைக்கு வேலையில்லை. நல்லவளாக்குங்கள். நல்லவர்கள் செய்கிற நோவைத்தான் வெளியே சொல்ல முடியாது, அதைத்தான் எழுதவேண்டும். அவள் என்ன செய்தாள்? எந்தக் கையால் செய்தாள்? கிட்டக் கொண்டுவாருங்கள்."

மறுநாள் பதில் ஒட்டப்பட்டது. "கவிஞர் சொல்கிறார்: சார் சொல்வது புரிகிறது. முயற்சி செய்கிறேன்." சார் என்றதும் இது இந்தியாவிலிருந்து எழுதும் யாரோ என்று தீர்மானித்துவிட்டேன். குழுவில் அந்தப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள், எங்களில் யாரும் சார் போடுவதில்லை. முகாமில் வளர்ந்து இங்கே வந்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அந்த நேரம் மூளையில் ஏறவில்லை. இவ்வளவுக்கும் வீட்டுக்குக் கடிதம் கொண்டுவந்த தபால்காரரைப் பார்த்து மச்சாள் "சார்" என்று கூப்பிட, நான் சிரித்திருக்கிறேன்.

திருத்திய கவிதை வந்தது. கல்நெஞ்சு போயிருந்தது, கண்ணீரும் போயிருந்தது. நடுவில் இந்த வரிகள்:

என் பிள்ளையாருக்கு
ஓர் ஆணி அடித்துத் தந்தாள்
கதவுக்குப் பின்னால்.
கதவு திறந்திருக்கும் நேரமெல்லாம்
சாமி இருட்டில்.

வாசித்துவிட்டுக் கதிரையிலிருந்து எழும்பி நின்றேன். அவ்வளவு பிடித்துப்போயிற்று. பிள்ளையாரும் ஆணியும் வந்த பிறகுமா உனக்குப் பிடிபடவில்லை என்று கேட்பீர்கள். சத்தியமாகப் பிடிபடவில்லை. என் நினைவில் அந்த நாள் வேறு மாதிரி இருந்தது. ஒரு வேதக்காரி தன் வீட்டுச் சுவரைச் சைவப் பிள்ளை ஒருத்திக்குத் திறந்துவிட்ட நாள் அது. சுவர் நினைவிருந்தது, சுத்தியல் நினைவிருந்தது, என் பெரிய மனசு நன்றாக நினைவிருந்தது. கதவு மட்டும் அந்தப் படத்தில் இல்லவேயில்லை.

ஆகவே எழுதினேன், அதுவும் நீளமாக. "இப்போதுதான் கவிதை மூச்சு விடுகிறது. இந்த வீட்டுக்காரிக்குத் தான் செய்வது தெரியாது, அதுதான் பயங்கரம். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள், நானே கண்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் தன் தருமத்தைச் சொல்லிக்கொண்டு திரிவார்கள். அதையும் கொண்டுவாருங்கள். இன்னும் ஒரு செய்கை வேண்டும், தினமும் செய்கிற சின்னச் செய்கை." குழுவே கைதட்டியது. ஐயா மனிதர்களை என்னமாய்ப் படித்து வைத்திருக்கிறார் என்று ஒருவர் எழுதினார். நான் அதற்கு அடக்கமாக ஒரு நன்றி போட்டேன். இந்த அடக்கத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் தாங்க முடியவில்லை.

மூன்றாவது முறை வந்ததைக் கந்தோரில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்தேன்.

வருகிறவர்களிடம் சொல்லுவாள்,
ஒரு பையோடு வந்ததுகள், பாவம்.
பேசி முடிந்து எழும்புவாள்
போகிற போக்கில் விசிறியை நிறுத்துவாள்.
கீழே பாயில்
நானும் பிள்ளைகளும் இருப்போம்.
அது சுற்றி ஓயும்வரை
மேலே பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு பையோடு வந்ததுகள், பாவம். அது என் வசனம். கோயில் வாசலிலும் மீன் சந்தையிலும் பஸ்ஸிலும் நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம். மச்சாள் பக்கத்தில் நிற்கும்போதும் சொல்லியிருக்கிறேன், அவளுக்காகப் பரிந்து பேசுகிறேன் என்ற நினைப்பில்.  ஆனால் விசிறி? விசிறியை நான் எப்போது நிறுத்தினேன்? அது நானில்லை, அது வேறு யாரோ, ஒரு வசனம் ஒத்துப்போனால் என்ன, ஊரில் எல்லாரும் அப்படித்தானே சொல்லுகிறார்கள் என்று மனசுக்குள் வழக்காடிக்கொண்டு போனை மூடி எழும்பினேன்.

"அக்கா," என்றாள் பின்னால் மேசையில் இருந்த பிள்ளை. "நாங்கள் இன்னும் இருக்கிறம்."

என் கை சுவரில் சுவிட்சின் மேல் இருந்தது. மேலே விசிறி ஓய்ந்துகொண்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், தினமும் அப்படித்தான் சொல்லுவாள். வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டு அவள் அதைச் சொல்ல, நானும் அது ஏதோ பகிடி என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமல் அறைக் கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஆணி இருந்தது. கதவைத் திறந்து சுவரோடு சாத்தினேன். மூடினேன். பிறகும் திறந்தேன். அந்தக் கதவு பகலில் எப்போதும் திறந்தே கிடக்கும், காற்று வரட்டும் என்று நான்தான் கல் வைத்துத் திறந்து வைப்பேன். அந்த அறையிலேயே யன்னலுக்குப் பக்கத்தில் நல்ல வெளிச்சமான சுவர் முழுசாக வெறுமையாக இருக்கிறது. அதைவிட்டு ஏன் இங்கே அடித்தேன்? யோசித்துப் பார்த்தேன். வருகிறவர்களின் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறேன். வேறென்ன. எனக்கு என் முகத்தில் நானே துப்பவேண்டும் போல் இருந்தது.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதுதான் என்னால் முடியாதே. பயம் பிடித்துவிட்டது. இந்தக் கவிதை பாஸாகி மச்சாளின் பெயர் போடப்பட்டால், மன்னாரில் எங்களைத் தெரிந்த எவரும் வீட்டுக்காரி யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். கோயில் வாசலில் என் கையைப் பிடித்த பெண்கள் எல்லார் வீட்டிலும் போன் இருக்கிறது. ஐயா மறுபடி எழுதினார். "விவரங்கள் கூடிவிட்டன. விசிறி தேவையில்லை. அந்தப் பேச்சும் தேவையில்லை. ஆணியையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், கவிதை இன்னும் ஆழமாகும்."

 குழுவில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, நீங்கள்தானே செய்கை வேண்டும் என்று கேட்டீர்கள்?"  எனக்கு முதல் மச்சாள் பதில் எழுதினாள். "கவிஞர் சொல்கிறார்: சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு இதெல்லாம் புதுசு. எடுத்துவிடுகிறேன்."

எடுத்தேவிட்டாள். ஆணியும் விசிறியும் போன பிறகு அந்தக் கவிதையில் மிச்சம் ஒன்றுமில்லை. யாரோ ஒருத்தி யாரோ ஒருத்தி வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான். ஒவ்வொருவராக வந்து "முன்னதே நன்றாக இருந்தது" என்றார்கள். தபால் அதிபர் எனக்குத் தனியாக எழுதினார். "ஐயா, அந்தப் பிள்ளை உங்களைத் தெய்வமாக நம்பிக்கொண்டிருக்கிறது. நன்றாக யோசித்துச் சொல்லுங்கோ." அவரும் என்னை ஆண் என்றுதான் நினைத்திருந்தார்.  விருந்தாக வந்தவளுக்குச் செய்தது தெரியாமல் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். இது தெரிந்து செய்தது. அவள் தன் பாட்டில் எழுதிய நாலு நல்ல வரியையும் என் மானத்துக்காகப் பிடுங்கியிருக்கிறேன்.

அடுத்த நாள் காலையில் கந்தோருக்குப் போகமுதல் எழுதினேன். "நான் சொன்னது பிழை. எல்லாவற்றையும் திரும்பப் போடுங்கள். ஒரு சொல்லையும் எடுக்கவேண்டாம்." இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் மனுசி. நிறுத்தவில்லை. அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதினேன். "ஒரேயொரு கேள்வி. அந்தப் பெண் ஏன் விசிறியை நிறுத்துகிறாள் என்று யோசித்தீர்களா? அவளுக்கும் ஏதாவது காரணம் இருக்கும். அது தெரிந்தால் கவிதை முழுமையாகும்."

விமர்சனம் போலத்தான் இருந்தது. வாசித்தவர்கள் ஐயாவின் நுட்பத்தை மெச்சினார்கள். அது விமர்சனமில்லை. மச்சாளின் முன்னால் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையேந்தி நின்றேன், எனக்காக ஒரு வரி போடும் என்று.

பதில் வர நாளெடுத்தது. கந்தோரில் கடிதத்தை அடித்தால் பிழை வருகிறது. மேலதிகாரி இரண்டு முறை திருப்பி அனுப்பினார். கடைசியில் கவிதை முழுசாக வந்தது. ஆணி இருந்தது, பை இருந்தது, விசிறி இருந்தது. அதற்குக் கீழே புதிதாக:

கெட்ட மனசில்லை அவளுக்கு.
தான் எழும்பிவிட்டால்
அறையில் வேறு ஆள் இல்லை என்று
வருடக்கணக்காய்ப் பழகிய கை அது.

வாசித்துவிட்டு அழுதேன். அம்மா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. என் தனிமையை ஒருவரும் காணவில்லை என்று நினைத்திருந்தேன், நானே அதைச் சரியாகக் கண்டதில்லை. இவள் பாயில் இருந்துகொண்டு கண்டிருக்கிறாள். என்னைப் புரிந்துகொண்டாள், மன்னித்தும்விட்டாள் என்று நினைத்தேன். கவிதை முடிந்தது, என்னிடம் குறை இல்லை என்று எழுதினேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தபால் அதிபர் பெயரைப் போட்டார். மச்சாளின் பெயர், ஊர் அடம்பன் என்று.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, மன்னிப்புக் கேட்பது, அவள் கையைப் பிடித்துக்கொள்வது என்று வழி முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். பாலம் கடந்ததும் தெரியாது, திருக்கேதீஸ்வரச் சந்தி கடந்ததும் தெரியாது.

தம்பி வீட்டில் இல்லை, அரிப்பில் நின்றான். பிள்ளைகள் பக்கத்து வளவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மச்சாள் என்னைக் கண்டதும் திடுக்கிட்டது நன்றாகத் தெரிந்தது. "வாங்கோ மச்சாள், இருங்கோ," என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி கொண்டுவந்தாள், பிஸ்கட் கொண்டுவந்தாள், பிறகும் குசினிக்குப் போய் வாழைப்பழம் கொண்டுவந்தாள். ஓரிடத்தில் இருக்கவில்லை. மேசையில் அவளுடைய போன் ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"மச்சாள், நீங்க பேஸ்புக் எல்லாம் பாக்குறனீங்களா?" என்று கேட்டாள். அவள் பேச்சில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கலந்துதான் வரும்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தேன். நான் ஓம் என்று சொல்லிவிடுவேனோ என்று அந்த முகம் பயந்துபோய் இருந்தது.

"எனக்கு எங்க உதுக்கெல்லாம் நேரம்," என்றேன். "ஏன் கேட்டனீர்?"

"சும்மாதான்."

தோள் இறங்கியது. மூச்சு விட்டாள். அப்போதுதான் வந்து எனக்கு முன்னால் இருந்தாள். அவள் இவ்வளவு நேரமும் என்னை உபசரித்தது பயத்தில். என் வீட்டில் இருந்த காலம் முழுக்க அவள் முகத்தில் நான் பார்த்த சிரிப்பும் இதே சிரிப்புத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

பயம் போனதும் சந்தோசம் வெளியில் வந்துவிட்டது. யாரிடமாவது சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. "நான் ஒரு கவிதை எழுதினேன் மச்சாள். எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லுறாங்க. ஒரு புக்கில போடப்போறாங்களாம்."

"என்னத்தைப் பற்றி?"

"அங்க, இந்தியாவில," என்றாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "முகாமுக்குப் பக்கத்தில ஒரு அக்கா வீட்டுல கொஞ்ச நாள் இருந்தம். அவங்களைப் பற்றி."

என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொன்னாள். நான் கேட்காமல் விட்டிருக்கவேண்டும். ஆனால் அந்தக் கடைசி வரிகளை அவள் வாயால் கேட்கவேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை.

"அந்த அக்கா நல்ல மனுசியோ?"

மச்சாள் சிரித்தாள். அவள் அப்படி மனம்விட்டுச் சிரித்து நான் கண்டதில்லை. "முதல்ல நான் அவங்களைத் திட்டித்தான் எழுதினேன் மச்சாள். செம கோவம். குழுவில ஒரு சார் இருக்கிறார், பெரிய ஆள். அவர்தான் கெட்டவங்களாக் காட்டாதீங்க, நல்லவங்களா மாத்துங்கன்னு சொன்னார். கடைசியிலயும் அவங்க ஏன் அப்படிச் செய்யுறாங்கன்னு காரணம் யோசிக்கச் சொன்னார். எனக்கு என்ன தெரியும்? ரெண்டு மூணு நாள் மண்டையைப் போட்டு உடைச்சு, ஒரு காரணம் எழுதினேன். அதைத்தான் எல்லாரும் நல்லாருக்குங்கிறாங்க."

"அப்ப அது உண்மையில்லையோ?" என்றேன். 

"கவிதைக்குத்தானே மச்சாள்," என்றாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட என்ன இருக்கிறது? இரக்கத்தைக் கேட்டதும் நான், அதை எங்கே வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் நான். அவள் சார் சொன்னதைச் செய்தாள். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அவள் இன்னும் சந்தோசமாக எதையெதையோ கதைத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டில் இருந்த காலத்தில் ஒரு நாளாவது உமக்குச் சந்தோசமாக இருந்ததா என்று ஒன்று மட்டும் கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் உடனே, "ஓம் மச்சாள், எல்லா நாளும்," என்றுதான் சொல்லியிருப்பாள்.